ரெண்டே நிமிஷம்

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கம்பெனி வருஷா வருஷம் இரண்டு டைரி கொடுக்கிறது. ஒன்றில் லிஃப்டுகளின் கோளாறுகளை எழுதுகிறேன். இது என் கோளாறுகளுக்கு.

இன்று ஒரு குடியிருப்பில் ஆள் உள்ளே மாட்டிக்கொண்டார். நல்ல வாட்டசாட்டமான மனிதர். நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் திரிசங்கு மாதிரி நிற்கிறார். மேலே மெஷின் ரூமில் மீசை கைச்சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி லிஃப்டைத் தளத்துக்கு இறக்கவேண்டும். (மீசை என்னோடு வேலை பார்ப்பவன். எந்த இடத்துக்கும் மீசை முதலில் வரும், ஆள் பின்னால் வருவான்.) நான் கதவுக்கு வெளியே நின்று உள்ளே இருப்பவரைச் சமாளிக்கவேண்டும். அதில் நான் புலி. "ரெண்டே நிமிஷம் சார்!" முப்பத்தைந்து நிமிஷம் ஆயிற்று. பதினோரு தடவை "ரெண்டே நிமிஷம்" சொன்னேன். வெளியே வந்தவர் சட்டை நனைந்து, என்னை ஒரு முறை முறைத்துவிட்டுப் படியில் இறங்கிப் போனார்.

சாப்பிடும்போது நடித்துக் காட்டினேன். சின்னவன் வாலுவுக்கு, நாலு வயசு, சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. பெரியவள் சிரித்துவிட்டு விசாரணைக்கு வந்தாள். எட்டு வயசிலேயே அவளுக்கு வீட்டில் வக்கீல் என்று பெயர்.

"அப்ப அது பொய்தானே அப்பா?"

"பொய் இல்லடா, முதலுதவி. உள்ளே மாட்டினவங்ககிட்ட உண்மையைச் சொன்னா, காத்து இருக்கும்போதே மூச்சு முட்டும்."

வக்கீல் கொஞ்ச நேரம் யோசித்தாள். "சரி" என்றாள். தீர்ப்பு எனக்குச் சாதகம். இவள் (என் மனைவி) மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி லேபில் நாள் முழுக்க நின்றவள், அலுப்பாக இருக்கும் என்று நினைத்தேன்.

ஆகஸ்ட் 9, சனி

எனக்கு வார இறுதி டூட்டி. இவள் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் ஊருக்குப் போயிருக்கிறாள், பஸ்ஸில் ஐந்து மணி நேரம். வக்கீலுக்குக் கீழ்ப்பல் ஆடுகிறது. அங்கே கைராசியான பல் டாக்டர் இருக்கிறாராம். ஆடுகிற பல்லுக்கு ஐந்து மணி நேரப் பயணமா? நான் ஒரு நூலைக் கட்டிக் கதவைச் சாத்தியிருப்பேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வந்துவிட்டார்கள். "வாயைத் திற, பார்ப்போம்" என்றேன். வக்கீல் ஆவென்று திறந்தாள். பல் அங்கேயே ஆடிக்கொண்டிருந்தது.

"தானா விழும், பிடுங்க வேண்டாம்னுட்டார்" என்றாள் இவள்.

"அக்கா பரீட்சை எழுதினா. எனக்கு மிட்டாய் குடுத்தாங்க" என்றான் வாலு.

"பல் டாக்டர் மிட்டாய் குடுக்கிறாரா? வியாபாரம் தெரிஞ்ச மனுஷன்!" என்றேன். எல்லோரும் சிரித்தோம். என் நகைச்சுவைக்கு இவ்வளவு வரவேற்பு இந்த வீட்டில் வெகு நாளாகக் கிடைத்ததில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

மச்சான் ஃபோன். இவளுடைய அண்ணன், பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். ஆள் பழகுவதற்குத் தங்கம்.

"மாப்ள, அடுத்த சனி ஞாயிறு லீவு போட்டுடுங்க. எங்க ஊர்ப் பக்கம் புதுசா ஒரு தண்ணி பார்க் வந்திருக்கு. முழுக்கக் கண்ணாடிக் கூரை. மழை பெய்ஞ்சாலும் ஆட்டம் நிக்காது. ரூம் எல்லாம் நான் போட்டாச்சு."

"எனக்கு நீச்சல் தெரியாதே மச்சான்."

"இடுப்பளவு தண்ணிக்கு எதுக்கு நீச்சல்? உங்க உடம்பு தானா மிதக்கும்."

வாலு நாலு அறையிலும் ஓடிச் செய்தி வாசித்தான். இவள் மூன்று தாள்களை நீட்டினாள். "பார்க்ல கேக்கறாங்க. கீழ ஒரு கையெழுத்து." முதல் தாளில், என்ன நடந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல என்று இருந்தது. அதற்குமேல் படிக்க என்ன இருக்கிறது? மளமளவென்று மூன்றிலும் போட்டேன். வேலை முடிந்ததும் நான் நீட்டும் தாளிலும் எல்லோரும் இப்படித்தான் போடுகிறார்கள், ஒருத்தரும் படிப்பதில்லை. ஒரு நாள் அதில் அவர்கள் வீட்டையே எழுதி வாங்கப்போகிறேன் என்றேன். இவள் தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பருத்தித் துணியோடு தண்ணீரில் இறங்க விடமாட்டார்களாம். நீச்சல் கால்சட்டை வாங்கினேன். அளவு சரி என்று கடைக்காரர் சத்தியம் செய்தார். வீட்டில் போட்டுப் பார்த்தபோது, கட்டின மூட்டை மாதிரி இருக்கிறது என்றாள் வக்கீல். கட்டு அவிழாமல் இருந்தால் போதும் என்றேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

பஸ் ஏறியாயிற்று. எழுத்து ஆடுகிறது. வாலு நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டே தூங்குகிறான். வக்கீல் ஜன்னலோரம், ஒரு வார்த்தை பேசவில்லை. "வயித்தைப் புரட்டுதா?" என்றேன். இல்லை என்று தலையாட்டிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். பாசம் என்று நினைத்தேன்.

ஆகஸ்ட் 23, சனி, சாயங்காலம்

எங்கே ஆரம்பிப்பது?

வரிசையாகவே எழுதுகிறேன். வரிசை விட்டால் உடைந்துவிடுவேன்.

காலையில் பத்து மணிக்கு உள்ளே போனோம். கண்ணாடிக் கூரை, வெந்நீர் அண்டாவைத் திறந்த மாதிரி வெக்கை, குளோரின் வாடை, இரைச்சல். கையில் ரப்பர் பட்டை கட்டிவிட்டார்கள். நடுவில் ஒரு கோபுரம். அதன் உச்சியில் ஆள் உயரத்துக்கு ஒரு வாளி. தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக நிறையும், கவிழப்போகிற நேரத்தில் மணி அடிக்கும், பிள்ளைகளெல்லாம் கீழே ஓடிப்போய் நிற்பார்கள், தொபீர்! தொழில் புத்தி, நான் வாளியைப் பார்க்காமல் அச்சைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "அடியில கனம் இருக்கிற வரைக்கும் நிக்கும்டா. மேல் பக்கம் கனம் ஏறினா கவிழ்ந்துடும்" என்று வாலுவுக்குப் பாடம் வேறு. அவனுக்குப் பயம். நாளைக்கு மூணு பேரும் சேர்ந்து நிற்கலாம் என்று சமாதானம் சொன்னேன்.

பெரிய சறுக்கலுக்கு உயரம் பார்க்கிறார்கள். வக்கீல் குதிகாலைத் தூக்கிக்கொண்டு நின்றாள். "குதிகாலைக் கீழ வை பாப்பா" என்றான் அங்கே நின்றவன். ஒரு விரற்கடை குறைந்தது. முகம் சுருங்கிவிட்டது. மச்சான் தட்டிக்கொடுத்தார்: "அடுத்த தடவை மாமா கூட்டிட்டு வரும்போது வளர்ந்திருப்பே."

மாமா கூட்டிட்டு வரும்போது. என் காதிலேயும் விழுந்துச்சு. மண்டையில ஏறல.

அப்புறம் ஓடைக்குப் போனோம். வட்டமாக ஓடுகிற தண்ணீர், அதில் பெரிய ரப்பர் வளையத்தில் உட்கார்ந்து மிதக்கவேண்டும். நான் வளையத்தின் ஓட்டையில், வாலு என் வயிற்றின் மேல். இந்த வயிறு ஒரு காரியத்துக்காவது உதவியது. பிள்ளை மல்லாந்து கூரையைப் பார்த்துக்கொண்டே வந்தான். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். இதற்குத்தான் மனுஷன் குடும்பம் நடத்துகிறான் என்றெல்லாம் தோன்றியது.

அப்போது அவன் கேட்டான்.

"அப்பா, நீங்க எங்களைப் பார்க்க வரும்போதெல்லாம் இங்க வருவோமா?"

"எங்கேயிருந்துடா வரணும் நான்?"

"நம்ம வீட்டிலேருந்து. நாங்க மாமா ஊர்ல இருப்போம்ல. அக்கா புது ஸ்கூல். மாசம் ஒரு தடவை அப்பா வருவாங்கன்னு மாமா சொன்னாரு." சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். "ஐயோ. சொல்லக்கூடாது."

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. திருப்பத்தில் இவளும் மச்சானும் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். வாலு கையை ஆட்டினான். அவர்களும் ஆட்டினார்கள். நானும் ஆட்டினேன். ஆமாம், நானும்தான் ஆட்டினேன். கை பழக்கம்.

எழுந்து போய்க் கேட்கவேண்டும் என்று உந்தினேன். எழ முடியவில்லை. வளையத்துக்குள் உட்கார்ந்த இடம் பிடித்துக்கொண்டது. தண்ணீர் படியைத் தாண்டி இழுத்துக்கொண்டு போய்விட்டது. இன்னொரு சுற்று. திரும்பவும் அவர்கள், திரும்பவும் கையாட்டல். என் முகத்தைப் பார்த்ததும் இவள் கை பாதியில் நின்றது.

மூன்றாவது சுற்றில் விசில் கட்டின காவல்காரப் பையன் தண்ணீரில் இறங்கி வளையத்தைப் பிடித்தான். வாலுவைத் தூக்கிக் கரையில் விட்டான். என்னைப் பார்த்துச் சொன்னான்:

"ரெண்டே நிமிஷம் சார், எடுத்து விட்டுடறேன்."

இதுக்குச் சிரிக்கணும்னு தெரியுது. வரமாட்டேங்குது.

ரூமுக்கு வந்து கேட்டேன். இவள் ஒன்றையும் மறைக்கவில்லை. மறைக்க இனிமேல் என்ன இருக்கிறது? அந்த ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் லேபுக்கே பொறுப்பாளர் வேலை. ஆர்டர் வந்து ஒரு மாதம் ஆகிறது. செப்டம்பர் எட்டாம் தேதி சேரவேண்டும். மச்சானின் பள்ளிக்கூடத்திலேயே வக்கீலுக்கு இடம். பல் டாக்டர் என்று போனது நுழைவுத் தேர்வுக்கு. வாலு சொன்னது அத்தனையும் நிஜம். எங்க வீட்டில் உண்மை பேசினது நாலு வயசுப் பிள்ளை ஒருத்தன்தான், அவனைப் பார்த்து நான் ஜோக் அடிச்சிருக்கேன்.

"எப்ப சொல்லலாம்னு இருந்தே?"

"நாளைக்குக் கிளம்பும்போது. பிள்ளைங்களும் நீங்களும் ஒரு நாளாவது சந்தோஷமா இருக்கட்டும்னு அண்ணன்தான்..."

"அப்ப இந்தத் தண்ணி, ரூமு, வளையம், எல்லாம் எனக்குப் போட்ட மயக்க ஊசியா?"

மச்சான் வாசலில் நின்றார். "ஆத்திரப்படாதீங்க மாப்ள. ஒரு வருஷம். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும்."

"நீங்க பேசாதீங்க" என்றேன். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் அவரை நான் இப்படிச் சொன்னதில்லை. அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

இவள் குரலை உயர்த்தவே இல்லை. "மூணு வருஷம் முன்னாடியும் இதே ஆஸ்பத்திரியில கூப்பிட்டாங்க. உங்ககிட்டதான் முதல்ல சொன்னேன். 'நீ போயிட்டா என் சட்டைக்கு யாரு பொத்தான் தைப்பா'ன்னீங்க. சிரிச்சேன். மறுநாள் திரும்பச் சொன்னேன். லிஃப்ட் ஜோக் சொன்னீங்க. ஒரு வாரம் தினம் ஒரு ஜோக். கடைசித் தேதி போயிடுச்சு. நீங்க வேண்டாம்னு சொல்லியிருந்தாக்கூடச் சண்டை போட்டிருப்பேன். நீங்க எதுவுமே சொல்லலையேங்க. ஞாபகமாவது இருக்கா?"

இல்லை. சத்தியமாக இல்லை. பொத்தான் மட்டும் ஞாபகம் இருக்கிறது.

"அதுக்காக? பிள்ளைங்களைப் பொய் சொல்ல வைப்பியா?"

அப்போதுதான் வக்கீல் குளியலறைக் கதவருகே துண்டைச் சுற்றிக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். முடியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அவள் அழவில்லை. எனக்கு விளக்கம் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"நீங்கதானேப்பா சொன்னீங்க. உள்ளே மாட்டினவங்ககிட்ட உண்மையைச் சொன்னா மூச்சு முட்டும்னு. அது பொய் இல்ல, முதலுதவின்னு."

வக்கீலுக்குச் சட்டப் புத்தகம் எழுதிக் கொடுத்தவன் நான்தான்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இங்கே கேட்கிறேன். நான் எந்த லிஃப்டில் மாட்டினேன்? நான் என் வீட்டில்தானே இருந்தேன்?

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வாளிக்குக் கீழே நிற்கலாம் என்று சொல்லியிருந்தேன். நின்றோம், நான், வக்கீல், வாலு. மணி அடித்தது. கவிழ்ந்தது. தண்ணீரில் அழுதால் தெரியாது என்பார்கள். தெரிகிறது. "கண்ணுல குளோரினாப்பா?" என்றான் வாலு. ஆமாம் என்றேன். இன்னொரு முதலுதவி.

திரும்பி வரும் பஸ்ஸில் ஐந்து மணி நேரம்.

ஆகஸ்ட் 25, திங்கள்

மீசையிடம் சொன்னேன். அவன் மீசையைத் தடவிக்கொண்டு யோசித்துவிட்டு, "தகப்பன் கையெழுத்து இல்லாம பள்ளிக்கூடத்துல பிள்ளையை எப்படிடா விடுவான்? போய் நிறுத்து" என்றான். எனக்கு ஏன் இது தோன்றவில்லை?

ஆகஸ்ட் 26, செவ்வாய்

வக்கீல் இப்போது படிக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஆபீஸ் அம்மாவிடம் என் பெண்ணை எங்கேயும் அனுப்புவதாக இல்லை என்றேன், மேஜையைத் தட்டி. அவர் பதறாமல் கோப்பைத் திறந்து ஒரு தாளை என் பக்கம் திருப்பினார். மாற்றுச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பம். கீழே என் கையெழுத்து. என்னுடையதேதான். கடைசியில் வழக்கமாக வைக்கிற புள்ளிகூட இருந்தது.

மூன்றாவது தாள்.

"ரத்து பண்ணணுமா சார்? திங்கட்கிழமைக்குள்ள சொன்னா நிறுத்திடலாம். அதுக்கப்புறம் அனுப்பிடுவோம்."

"ரெண்டு நாள்ல சொல்றேன்" என்றேன். வாய் தானாகச் சொல்லியது.

வீட்டுக்கு வந்து இவளிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "வேலையை மறைச்சே, சரி. தாளை அடியில சொருகினியே, அது எதுக்கு?"

இவள் உட்கார்ந்துவிட்டாள். "அது தப்புதான்" என்றாள். மற்ற எதற்கும் மன்னிப்புக் கேட்கவில்லை. இதற்கும் கேட்கவில்லை. ஆனால் தப்பு என்றாள்.

நான் ஹாலில் படுக்கிறேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

ஒரு போட்டோவை நூறு தடவை பார்த்துவிட்டேன். பார்க் வாசலில் எடுத்தது. ஐந்து பேர் நிற்கிறோம், நாலு பேருக்கு விஷயம் தெரியும். வாய் நிறையச் சிரிப்பவன் ஒருத்தன்தான். ஆளைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை, கால்சட்டை இறுக்கமாக இருக்கும்.

ரத்து செய்தால் என்ன? வக்கீல் இங்கேயே இருப்பாள். இவள் போகமாட்டாள், பிள்ளையை விட்டுப் போகிறவள் இல்லை. வேலை திரும்பவும் போகும். நான் ஜெயித்துவிடுவேன். அதற்கப்புறம் தினமும் சாப்பிடும்போது யார் முகத்தைப் பார்த்து லிஃப்ட் கதை சொல்வது?

ரத்து செய்யாவிட்டால், ஏமாந்தது ஏமாந்ததுதான் என்று நானே இரண்டாவது கையெழுத்துப் போட்ட மாதிரி.

ஆகஸ்ட் 30, சனி

ஐந்து மாடிக் கட்டடம். ஒரு அம்மா உள்ளே. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவராம். நாங்கள் போவதற்குள் இருபது நிமிஷம் ஆகிவிட்டிருந்தது. வாசல் காவலாளி அதுவரை "ரெண்டு நிமிஷம்மா, ரெண்டு நிமிஷம்மா" என்று பாடிக்கொண்டிருந்திருக்கிறார். மீசை மேலே ஏறினான். நான் கதவில் தட்டினேன்.

"யாருப்பா அது? நீயும் ரெண்டு நிமிஷம்னு சொல்லாதே. நிஜமா எவ்வளவு நேரம்?"

வாய் திறந்தது. பதினைந்து வருஷப் பழக்கம், நாக்கு நுனியில் நின்றது. என்ன ஆயிற்றோ தெரியவில்லை.

"நாப்பது நிமிஷம் ஆகும்மா. பிரேக் இறுகியிருக்கு. மேல ஒருத்தர் கையால சுத்தி இறக்கணும். ஆபத்து ஒண்ணும் இல்ல, காத்து வரும். நான் இந்தக் கதவை விட்டு நகரமாட்டேன்."

போச்சு, கத்தப்போகிறார் என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றுகிற ஓசை கேட்டது. அப்புறம் பேப்பர் விரிக்கிற ஓசை.

"அப்படின்னா உக்காந்துக்கறேன். இப்ப திறக்கும் இப்ப திறக்கும்னு இருபது நிமிஷமா கதவையே பார்த்துக்கிட்டு நின்னு கால் விட்டுப்போச்சு. முன்னாடியே சொல்றதுக்கென்ன? தெரிஞ்சா மனுஷன் உக்காந்துக்கமாட்டானா?"

மீசை ஃபோனில் கத்தினான்: "நாப்பதுன்னா சொன்னே? கிறுக்கனாடா நீ?"

நாற்பத்தைந்து ஆயிற்று. கதவைத் திறந்தபோது அந்த அம்மா எழுந்து பேப்பரை மடித்தார். "அஞ்சு நிமிஷம் கூடிப்போச்சு. பரவாயில்ல" என்றார். வியர்வை இல்லை, முறைப்பு இல்லை.

பதினைந்து வருஷமாக எத்தனை பேரை நிற்க வைத்திருக்கிறேன்?

ஆகஸ்ட் 31, ஞாயிறு

பிள்ளைகள் கீழே விளையாடப் போன நேரத்தில் இவளிடம் அந்த அம்மா கதையைச் சொன்னேன். நடித்துக் காட்டவில்லை. சும்மா சொன்னேன். கடைசியில், "நீயும் முன்னாடியே சொல்லியிருந்தா நான் உக்காந்திருப்பேன்" என்றேன்.

"உக்காந்திருப்பீங்களா? நிஜமா?"

ஆமாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். மூன்று வருஷம் முன்னால் சொன்னாளே, உட்கார்ந்தேனா?

"தெரியல" என்றேன்.

இவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். இப்படி ஒரு பதிலை என்னிடம் கேட்டதே இல்லை போல.

"சரி, நீ சொல்லு. எத்தனை நாள்? உங்க அண்ணன் கணக்கு வேண்டாம்."

"ஒரு வருஷம்னு அவர் சொல்றாரு. எனக்கு ரெண்டு வருஷத்துக்கு மேல ஆகும்னு தோணுது." நிறுத்தினாள். "திரும்பி வரணும்னே எனக்குத் தோணாமப் போனாலும் போகலாங்க. அதுவும் நிஜம்."

வலித்தது. ஓடையில் வலித்த மாதிரி இல்லை. அது காலை வாரின வலி. இது காலை ஊன்றி நின்றுகொண்டு பட்ட வலி.

செப்டம்பர் 1, திங்கள்

பள்ளிக்கூடம். "ரத்தா சார்?"

"வேண்டாம். ஆனா அந்தத் தாளைக் குடுங்க."

புதிதாக ஒன்று கேட்டு வாங்கினேன். முழுதாகப் படித்தேன். பதினாலு வரி. அதன் பிறகு கையெழுத்துப் போட்டேன். பழைய தாளைக் கிழிக்கலாமா என்றேன். "தாராளமா" என்றார் ஆபீஸ் அம்மா. அங்கேயே கிழித்துக் குப்பையில் போட்டேன். நாலாக. இல்லை, எட்டாக.

செப்டம்பர் 6, சனி

போய்விட்டார்கள். மச்சான் வேன் கொண்டுவந்தார். சாமான் ஏற்ற நானும் கை கொடுத்தேன். "மாப்ள..." என்று ஆரம்பித்தார். "அந்தப் பெட்டி சரியும், கயிறு போடுங்க" என்றேன். அது பேச்சில் சேராது.

வக்கீல் வேனில் ஏறினதும் என்னைப் பார்க்கவில்லை. வாலு நீச்சல் கண்ணாடியோடு கையாட்டினான். இந்தத் தடவை எதற்குக் கையாட்டுகிறேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

செப்டம்பர் 10, புதன்

முட்டை. நேற்றும் முட்டை. அந்தக் கோழிகளே என்மேல் இரக்கப்படும்.

சட்டையில் பொத்தான் ஒன்று அறுந்தது. நானே தைத்தேன். கோணலாக இருக்கிறது, ஆனால் நிற்கிறது.

செப்டம்பர் 16, செவ்வாய்

அந்த ஊரிலும் எங்கள் கம்பெனிக்குக் கிளை உண்டு. மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தேன். மேலாளர் வாங்கி வைத்துக்கொண்டு, "ரெண்டே நாள்ல சொல்றேன்" என்றார். "எத்தனை மாசம்னு சொல்லுங்க சார், உக்காந்துக்கறேன்" என்றேன். அங்கே நாற்காலி இல்லாததால் அவருக்குப் புரியவில்லை.

இவளிடம் ஃபோனில் சொன்னேன். "கேட்டிருக்கேன். ஆறு மாசம் ஆகலாம். கிடைக்காமலும் போகலாம். நான் அங்க வர்றது உனக்கு வேண்டாம்னா இப்பவே சொல்லிடு."

இணைப்பு அறுந்ததோ என்று பார்த்தேன்.

"வேண்டாம்னு சொல்லல" என்றாள்.

அவ்வளவுதான். நம்பிக்கையா? அது இன்னும் நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில்தான் நிற்கிறது. மேலே யாரோ கையால் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். எவ்வளவு நேரம் ஆகும் என்று எழுதமாட்டேன்.

செப்டம்பர் 20, சனி

மத்தியானம் வக்கீல் கூப்பிட்டாள். அவளே எண்களை அழுத்தி.

"எப்பப்பா வருவீங்க?"

"இந்த வாரம் இல்லடா. அடுத்த சனிக்கிழமை மீசை மாமாவுக்கு லீவு, அன்னைக்கும் முடியாது. அக்டோபர் நாலு. பதினோரு மணிக்கு அங்க இறங்குவேன்."

விரல் விட்டு எண்ணுகிறாள், மூச்சில் கேட்டது. "பதினாலு நாள்."

"ஆமா. பதினாலு."

"சரி." ஃபோனை வைக்கவில்லை. அங்கேயே இருந்தாள். "அப்பா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"அன்னைக்கு நாங்க பல் டாக்டர்கிட்ட போகல."

"தெரியும்டா."

"உங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். ஆனா நான் சொல்லலையே. நீங்க வாயைத் திறன்னு சொன்னப்ப நான் திறந்து காட்டினேன்ல."

நாலைந்து ஜோக் வரிசையாக வந்து தொண்டையில் நின்றன. ஒன்றையும் வெளியே விடவில்லை.

"வலிச்சுதாடா?"

"பல்லா?"

"பல் இல்ல."

"ம்" என்றாள்.

எனக்கும் என்றேன்.

பல் புதன்கிழமை தானாகவே விழுந்துவிட்டதாம். யாரிடமும் காட்டவில்லையாம், அம்மாவிடம்கூட. ஒரு தீப்பெட்டியில் பஞ்சு வைத்து எடுத்து வைத்திருக்கிறாள். நாலாம் தேதி எனக்குக் காட்டுவாளாம்.